வேடமிட்ட போதகரும் மெய்யாக அழுத மக்களும்

நம்பிக்கையே இல்லாத ஒருவர் மேடையேறி நம்பிக்கையைப் பற்றி முழங்குகிறார். அதைக் கேட்ட ஒருத்தி கண்ணீர் விட்டு, கைகளை விரித்து, தன் பழைய வாழ்வை விட்டுவிடத் தீர்மானிக்கிறாள். அவளது மனமாற்றம் மெய்யானதா, பொய்யானதா? இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் போதகர் வேடதாரி என்பதை உலகுக்குக் காட்ட விரும்பும் ஒருவர், அவரோடு சேர்ந்து தாமும் வேடமிட்டு அக்கூட்டத்திற்குள் நுழைவது அறமாகுமா?

இவை குருமடத்தின் இறையியல் வகுப்பில் மாணவரைச் சோதிக்க ஆசிரியர் புனைந்த கேள்விகள் போலத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டு கேள்விகளையும் ஒருசேர எழுப்பிய ஆவணப்படம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'மார்ஜோ' என்னும் படமே அது. 'வில்லேஜ் வாய்ஸ்' என்ற நியூயார்க் வார இதழில் எழுதி வந்த ஹோவர்ட் ஸ்மித்தும், சாரா கெர்னோக்கன் என்ற இளம்பெண்ணும் அதனை இயக்கினர். 1973-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சிறந்த முழுநீள ஆவணப்படத்திற்குரிய ஆஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்ட போதிலும், எழுப்புதல் கூட்டங்களைப் பற்றிய பேச்சு எழும் இடங்களில் இப்படம் இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது. நம் பங்குகளிலும் இளைஞர் சிலர் இதனைப் பார்த்துவிட்டு, "சாமி, இவர்கள் எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்கின்றனர். ஆகவே இப்படத்தைக் குறித்தும், அது பெற்ற வரவேற்பைக் குறித்தும் சற்று நிதானமாகச் சிந்திப்பது பயனற்றதாகாது.

மார்ஜோ கோர்ட்னர் 1944-இல் கலிபோர்னியா மாநிலத்து லாங் பீச்சில் பிறந்தவர். மேரி, ஜோசப் என்னும் இரு திருப்பெயர்களையும் இணைத்துப் பெற்றோர் அவருக்கு இட்ட பெயரே மார்ஜோ. தந்தையும் எழுப்புதல் போதகரே. மகனுக்கு நான்கு வயது நிரம்பியபோது அவனைப் போதகனாக 'அபிஷேகம்' செய்து மேடையேற்றினர். அந்தப் பிஞ்சு வயதில் அவன் ஒரு திருமணத்தையே நடத்தி வைத்தான். செய்திப்படக் கருவிகள் அதைப் படம் பிடித்தன. நீண்ட மறையுரைகளைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்து, எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதையும் சேர்த்துப் பயின்றான். பாடம் தவறினால் தாய் அவன் முகத்தில் தலையணையை வைத்து அழுத்துவார். அல்லது தலையைத் தண்ணீருக்கடியில் பிடிப்பார். உடம்பில் அடித்தால் தழும்பு தெரியும், நாளை பத்திரிகைக்காரர் வருவார்களே என்பது காரணம். இதனை மார்ஜோவே படத்தில் கூறுகிறார், குரலில் பெரிய சினம் ஏதுமின்றி.

தமக்குப் பதினாறு வயதாகும்போது குடும்பம் முப்பது இலட்சம் டாலர் அளவுக்குத் திரட்டியிருக்கும் என்பது அவருடைய சொந்த மதிப்பீடு. அந்தப் பணத்தோடு தந்தை ஒருநாள் வீட்டை விட்டு அகன்றார். மகனும் மேடையை விட்டு நீங்கி, அக்காலத்து அமெரிக்க இளைஞரின் கட்டற்ற வாழ்வில் கலந்தார். பின்னர், இருபதுகளில், பிழைப்புக்கு வேறு வழியறியாது மீண்டும் அதே மேடைக்குத் திரும்பினார். ஆண்டில் சில மாதம் கூட்டம் நடத்துவது, அதில் கிடைத்ததைக் கொண்டு மீதி மாதங்களை நண்பர்களோடு கழிப்பது என்று அவரது வாழ்க்கை ஓடியது. இந்த இரட்டை வாழ்வு கசந்தபோது, தம் இறுதிச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்க அவரே இயக்குநர்களை உடன் அழைத்தார். 1971-இல் கலிபோர்னியா, டெக்சாஸ், மிச்சிகன் மாநிலங்களின் ஆலயங்களிலும் கூடாரங்களிலும் அவர் முழங்கியவை, மக்கள் அவர் கைபட்டு மயங்கி விழுந்தவை, பின்பு விடுதி அறைக்கு வந்து அவர் எண்ணிய காணிக்கை நோட்டுகள் ஆகிய அனைத்தும் படச்சுருளில் பதிந்தன. தம் மேடை அசைவுகளில் சிலவற்றை மிக் ஜாகர் என்ற ராக் பாடகரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவும் அவர் மறைக்காமல் சொல்கிறார்.

பெருநகரங்களில் இப்படம் ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்டது. ஒருவர் தம் பொய்யைத் தாமே வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் துணிவு பாராட்டின் மையமாக நின்றது. மறுபக்கம், விவிலியப் பற்று மிகுந்த தென் மாநிலங்களில் எதிர்ப்பு எழும் என்று அஞ்சிய விநியோகஸ்தர்கள் அங்கே படத்தைத் திரையிடாமலே விட்டனர். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்க வேண்டும். படத்தைப் பற்றிய விமர்சனங்களில் இந்த இரண்டாவது செய்தி ஒரு வணிகத் தகவலாக மட்டும் குறிப்பிடப்பட்டுக் கடந்து செல்லப்படுகிறது. நம் பார்வையில் முழுச் சிக்கலின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் பழைய கேள்வி. தகுதியற்றவர் வழியாக இறையருள் செயல்படுமா? திருச்சபைக்கு இது புதிய கேள்வியன்று. தியோக்கிளேசியன் மன்னனது கொடுங்கலாபனையின்போது திருநூல்களை ஒப்படைத்து உயிர் தப்பிய ஆயர்கள் வழங்கும் அருட்சாதனங்கள் செல்லாதவை என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டனர். 411-இல் கார்த்தேஜ் நகரில் இரு தரப்பு ஆயர்களும் கூடி நடத்திய பெருவிவாதத்தில் புனித அகுஸ்தினார் முன்னணியில் நின்றார். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. அந்த உறுதியில்தான் இன்றும் நாம் திருப்பலிக்குச் செல்கிறோம். பீடத்தில் நிற்பவரின் மனத்தை ஆராய்ந்து பார்த்துத்தான் நற்கருணை வாங்க வேண்டுமென்றால், நம்மில் எவரும் ஒரு ஞாயிறுகூட நிம்மதியாக வாங்க இயலாது.

ஆனால் போதனை அருட்சாதனம் அன்று. திருமுழுக்குத் தண்ணீருக்குக் குருவின் நாவன்மை வேண்டியதில்லை. போதனைக்கோ போதகரின் ஆளுமை முழுவதும் தேவைப்படுகிறது. எனவே, தொனாத்துவாதிகளுக்குத் தந்த விடையை அப்படியே எடுத்து மார்ஜோவின் கூடாரத்தில் பொருத்திவிட முடியாது. இங்கே நமக்கு உதவுபவர் அக்குவினா தோமையார். ஒருவரைத் தூயவராக்கும் அருள் வேறு, பிறருடைய நன்மைக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் அருங்கொடை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகைக் கொடை, அதைத் தாங்கியவரின் தூய்மைக்குச் சான்று ஆகாது. தீயவர் வழியாகவும் புதுமை நிகழக்கூடும் என்றும் அவர் தயங்காமல் எழுதினார். நற்செய்தி ஏட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பேய்களை ஓட்டவும் நோய்களைக் குணமாக்கவும் அதிகாரம் பெற்று அனுப்பப்பட்ட பன்னிருவரின் பட்டியலில் யூதாசின் பெயரும் இருக்கிறது. அவன் கைபட்டுக் குணமான நோயாளிகள் கலிலேயாவின் ஏதோ ஓர் ஊரில் இருந்திருக்கத்தான் வேண்டும். பின்னாளில் அவன் செய்தியைக் கேள்விப்பட்டபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? தங்கள் கால்கள் நடப்பதைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறோம். ஆண்டவருடைய பெயரால் இறைவாக்குரைத்தும், வல்ல செயல்கள் செய்தும், இறுதியில் அவரால் அறியப்படாதவர்களாக நிற்போரைப் பற்றி மலைப்பொழிவின் முடிவில் ஆண்டவரே எச்சரித்திருக்கிறார். அங்கே அவர்கள் செய்தவை போலி என்று அவர் கூறவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். செய்தவர்களைத்தான் அவர் ஏற்கவில்லை.

பவுலடிகளார் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, பொறாமையாலும் போட்டியாலும் கிறிஸ்துவை அறிவிப்பவரைப் பற்றிக் குறிப்பிட்டு, கபடமாயினும் மெய்யாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்கிறார். எழுப்புதல் போதகர் சிலர் தம் மீது குற்றச்சாட்டு வரும்போதெல்லாம் இப்பகுதியைத் தமக்குக் கேடயமாகப் பிடிப்பது நாம் அறிந்ததே. கேடயமாகப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பவுல் அங்கே பேசுவது தம்மைத் துன்புறுத்த எண்ணியவர்களைக் குறித்து; அவர்களால் அடிபட்டவர் என்ற நிலையில் நின்றுகொண்டு, தம் காயத்தைப் பொருட்படுத்தாமல் பேசுகிறார். காயப்பட்டவர் மன்னித்துச் சொன்ன சொல்லைக் காயப்படுத்தியவர் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வது முறையன்று.

இதுவரை வந்த வாதத்தின்படி, மார்ஜோவின் கூட்டத்தில் அழுத பெண்ணின் கண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. நம்புபவரின் நம்பிக்கை சொற்களோடு நின்றுவிடாமல் சொற்கள் சுட்டும் இறைவனையே சென்று சேர்கிறது என்பதும் தோமையாரின் தெளிவு. அவள் மார்ஜோவை நோக்கிச் செபிக்கவில்லை. அம்புரோசியாரின் பேச்சழகை மட்டும் இரசிக்கலாம் என்று மிலான் பேராலயத்துக்குச் சென்ற இளம் அகுஸ்தினார், சொல்லைத் தேடிப் போனவரிடம் பொருளும் சேர்ந்தே நுழைந்துவிட்டதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் நினைவுகூர்கிறார். அங்கே கேட்பவரின் நோக்கம் கோணலாக இருந்தது. இங்கே சொல்பவரின் நோக்கம் கோணல். இரு இடத்திலும் இறைவன் நுழையக் கதவு திறந்தே இருந்தது.

ஆனாலும் நம் மனம் இத்துடன் அமைதி அடைவதில்லை. மார்ஜோ வெறும் பாவியல்லர். பாவியான போதகர் தாம் சொல்வதை நம்புகிறார், நம்பியபடி வாழத் தவறுகிறார். மார்ஜோவோ நடிகர். தாம் கையாளும் உணர்ச்சி எங்கே பிறக்கிறது, எத்தனை நிமிடத்தில் உச்சம் அடையும், எந்த நொடியில் காணிக்கைத் தட்டை அனுப்பினால் நிறையும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு தொழில். இந்தத் தொழிலறிவு நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிக்கொள்ள இயலாது. மறையுரையில் எந்த இடத்தில் சிறிது மௌனம் காத்தால் மக்கள் நிமிர்ந்து அமர்வர் என்பது பத்தாண்டு பணி புரிந்த எந்தக் குருவுக்கும் தெரியும். மிலானில் சொற்கலை ஆசிரியராக இருந்து, பின்பு அதனைச் சொல் விற்கும் கடை என்று வெறுத்து விலகிய அகுஸ்தினார்கூட, முதிய வயதில் போதகர்களுக்காக எழுதிய கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலின் நான்காம் பகுதியில், சொற்கலையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பேசுமுன் செபிக்கச் சொன்னார். கலை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. வேறுபாடு, கேட்பவரை அக்கலை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில் இருக்கிறது. பணப்பையைத் திறக்க வைத்துவிட்டு விடுதி அறைக்குத் திரும்பும் கலை கேட்பவரை ஒரு கருவியாக்கிவிடுகிறது. அவள் கண்ணீர் மெய்யே. அதனாலேயே அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் மெய்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இப்படத்தில் நம்மைப் பெரிதும் உறுத்திய காட்சி மேடையில் நடப்பது அன்று. ஒரு விடுதி அறையில் மார்ஜோ படப்பிடிப்புக் குழுவினரைக் கூட்டி வைத்து, ஆலயத்துக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். புகை பிடிக்காதீர்கள், தலைமுடியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெண்களிடம் வம்பு வைத்துக்கொள்ளாதீர்கள், "இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று யாரேனும் கேட்டால் இன்ன விதமாகச் சமாளியுங்கள் என்கிறார். குழுவினர் சிரிக்கின்றனர். படத்தைப் பார்ப்பவரும் சிரிக்கின்றனர். நாம் சிரிக்க இயலவில்லை. அதுவரை ஒருவர் மட்டுமே மக்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஏமாற்றுவோர் பலராகின்றனர், அதுவும் உண்மையின் பெயரால்.

ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வி அகுஸ்தினாரிடம் வந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் கொள்கையினர் தம் மறைவான போதனையைக் காக்கப் பொய் சொல்வது குற்றமன்று என்று கருதி, வெளியில் கத்தோலிக்கராகவே நடமாடினர். கோன்சென்சியுஸ் என்பவர், அவர்களைக் கண்டுபிடிக்க நம்மவரும் அவர்களில் ஒருவராக நடித்து உள்ளே நுழையலாமா என்று கேட்டு எழுதினார். 420-ஆம் ஆண்டளவில் 'பொய்க்கு எதிராக' என்று அகுஸ்தினார் எழுதிய நூல் இதற்கு விடையாகப் பிறந்ததே. அவர் கூடாது என்றார். பொய்யை ஒழிக்கப் பொய்யைக் கையாண்டால், நாம் எதிர்க்கும் கோட்பாட்டையே நாம் ஏற்றுக்கொண்டவராகிறோம். மேலும், தவறான கொள்கையை மெய்யென நம்பிச் சொல்பவனைவிட, அது தவறென்று அறிந்தே நடிப்புக்காகச் சொல்பவன் கடவுள் முன் பெரிய குற்றவாளி. அத்துடன், ஒருமுறை இவ்வாறு பொய் சொன்னவர் பின்பு உண்மையைச் சொல்லும்போது கேட்பவர் எதை வைத்து நம்புவது?

இந்தக் கடைசிக் கேள்வியை 'மார்ஜோ' படத்தின் முன் வைத்துப் பாருங்கள். படத்தில் மார்ஜோ செய்யும் ஒவ்வொரு செபமும் கருவிக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு காணிக்கையும் கருவியின் முன் பெறப்பட்டது. தாம் இனி இவ்வேலையைச் செய்யப்போவதில்லை என்று தீர்மானித்த பிறகும், அந்தத் தீர்மானத்தைப் படமாக்குவதற்காக இன்னும் பல கூட்டங்களில் பலரை ஏமாற்ற வேண்டியிருந்தது. குடிப்பழக்கத்தை விடப்போகிறேன், அதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக உங்கள் செலவில் இன்னும் ஒரு மாதம் குடித்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன விடை சொல்வோம்?

நேர்மையாக எதிர்வாதத்தையும் கூற வேண்டும். மறைந்திருந்து எடுக்கப்பட்ட படங்களால்தான் சில அநீதிகள் வெளிவந்திருக்கின்றன. முன்னறிவிப்புக் கொடுத்துச் சென்றால் எந்தச் சிறையும் சுத்தமாகத்தான் காட்சியளிக்கும். இது வலுவான வாதம். நாம் இதனை எளிதில் தள்ளிவிடவில்லை. ஆனால் அத்தகைய படங்களில் கருவி மறைக்கப்படுவது அநீதி இழைப்பவருக்கு. இங்கே மார்ஜோவிடம் எதுவும் மறைக்கப்படவில்லை. கருவியின் நோக்கம் மறைக்கப்பட்டது ஏமாற்றப்பட்டவருக்கே. கறுப்பின மக்களின் ஆலயங்களிலும் வெள்ளையர் ஆலயங்களிலும் வேர்வையும் கண்ணீருமாய்க் கைவிரித்து நிற்கும் முகங்கள், வெகு அண்மையில், நீண்ட நேரம் காட்டப்படுகின்றன. அந்த முகங்களுக்கு உரியவர் எவரும், தம் செபம் நகைப்புக்குரிய சான்றுப்பொருளாகத் திரையரங்கில் ஓடப்போகிறது என்பதை அறியார். செய்திகளைத் திரட்டும்போதும் வெளியிடும்போதும் மனிதரின் உரிமையும் மாண்பும் காக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பில் கூறியது இத்தகைய முகங்களுக்காகத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க 2006-இல் வந்த 'ஜீசஸ் கேம்ப்' என்ற படம் உதவும். வட டக்கோட்டா மாநிலத்தில் சிறுவருக்கான எழுப்புதல் முகாம் நடத்திய பெக்கி பிஷர் என்ற பெண் போதகரைப் பற்றிய படம் அது. இயக்குநர்கள் தம்மை மறைக்கவில்லை. போதகரும் தாம் நம்பியதையே பேசினார். படம் வெளிவந்தபோது அவர் அதனைக் குறை கூறவில்லை. அதில் தோன்றிய டெட் ஹேகார்டு என்ற தேசியத் தலைவரே கடுமையாகத் தாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவர் தம் சொந்த இரகசிய வாழ்வு வெளியானதால் பதவி விலக நேர்ந்தது. பொய்யில்லாமல் எடுத்த படம் ஒன்று எவ்வளவு காட்ட முடியும் என்பதற்கு இது போதிய விடை. குழந்தைகளின் அழுகையைத் திரையில் காட்டலாமா என்ற வேறொரு கேள்வி அப்படத்துக்கும் உண்டு. அதற்குள் இப்போது செல்லவில்லை.

இனி, முன்பு விட்டுவைத்த முடிச்சுக்கு வருவோம். 'மார்ஜோ' படம் ஒருவகைப் பாவ அறிக்கை என்று பலரும் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே கருதி, நம் திருச்சபை ஒப்புரவுக்கு வைத்திருக்கும் அளவுகோலைக் கொண்டே அதை அளந்து பார்ப்போம். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் அதற்கு வேண்டும் என்று ஞானோபதேசம் படித்த சிறுவரும் அறிவர். மனத்துயர் இருந்ததா என்பதை இறைவனே அறிவார். அதில் நமக்குத் தீர்ப்பு வழங்க உரிமையில்லை. அறிக்கை நிச்சயமாக இருந்தது. ஆனால் யாரிடம்? நியூயார்க் போன்ற நகரங்களின் திரையரங்குகளில் கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்தோரிடம். அவர்கள் அவரால் ஒரு காசும் இழக்காதவர்கள். இத்தகைய கூட்டங்களை ஏற்கெனவே ஏளனமாக நினைத்தவர்கள். சிறுவயதிலிருந்து அவரை இறைவனின் தூதராக நம்பி, வாரக் கூலியில் ஒரு பங்கைத் தட்டில் இட்ட தென்னாட்டு மக்களின் ஊர்களில் படம் ஓடவே இல்லை. திருடன் ஒருவன், திருட்டுக் கொடுத்த வீட்டின் கதவைத் தட்டாமல், பக்கத்து ஊர்ச் சந்தையில் போய் நின்று தன் திருட்டை விவரித்துக் கைதட்டல் வாங்கியது போல் ஆயிற்று. பரிகாரம் பற்றி வினவவே வேண்டாம். களவு செய்தவன் கூடிய மட்டும் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்பது நம் அறநெறியின் தொன்மையான விதி. வாங்கிய காணிக்கை எவருக்கும் திரும்பிச் சென்றதாகப் படம் நமக்குச் சொல்வதில்லை. அவர் நடிகரானார், 1974-இல் 'எர்த்குவேக்' போன்ற பெரிய படங்களில் தோன்றினார்.

இதைச் சொல்லும்போதே வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லையெனில் நாமும் நியாயம் தவறியவராவோம். படத்தில் முதலில் ஏமாற்றப்பட்டவன் தலையணைக்கடியில் மூச்சுத் திணறிய அந்தச் சிறுவனே. அவனுக்கு நம்பிக்கை என்பது ஒருபோதும் வழங்கப்படவில்லை. நம்பிக்கையின் அசைவுகள் மட்டுமே பயிற்றுவிக்கப்பட்டன. தாம் என்றேனும் உண்மையில் நம்பியதுண்டா என்பதே தெளிவற்ற ஒருவரிடம், நம்பிக்கைத் துரோகம் செய்தாய் என்று குற்றம் சாட்டுவது எளிதன்று. பிள்ளைகளுக்குச் செபத்தைப் பரிசுக்கும் பாராட்டுக்குமாகப் பழக்கும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. நற்கருணைப் பெருவிழா மேடையில் ஐந்து வயதுக் குழந்தை மழலை மறையுரை ஆற்றும்போது நாம் கைதட்டுகிறோம். அது தீமை என்று கூற வரவில்லை. அக்குழந்தை மேடையை விட்டு இறங்கிய பிறகு, எவரும் பாராத நேரத்தில் தானாக ஒரு சிலுவை அடையாளம் வரைகிறதா என்பதைப் பெற்றோரே கவனித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கேடு பிரிந்த சபையினரின் கூடாரங்களுக்கே உரியது என்று எண்ணி ஆறுதலடைய நமக்கு வழியில்லை. 1964-இல் பிரான்சு நாட்டின் ஒரு சிற்றூரில் அறிவு வளர்ச்சி குன்றியோரோடு வாழும் 'லார்ஷ்' இல்லங்களைத் தொடங்கிய ஜீன் வானியே, வாழும் புனிதர் என்றே உலகெங்கும் போற்றப்பட்டவர். அவருடைய தியான உரைகளைக் கேட்டு வாழ்வின் திசையை மாற்றிக்கொண்டோர் எண்ணிலடங்கார். 2019-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, ஆன்ம வழிநடத்துதல் என்ற பெயரில் அவர் பெண்கள் பலரைப் பாலியல் முறைகேட்டுக்கு உள்ளாக்கியிருந்தார் என்ற அறிக்கை வெளிவந்தது; 2023-இல் வந்த விரிவான ஆய்வு பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்றது. இந்த உண்மையை வெளியிட்டது பகைவரோ, வேடமிட்டு நுழைந்தவரோ அல்லர். லார்ஷ் அமைப்பே வெளியாரைக் கொண்டு விசாரணை நடத்தி, அவரால் உருவான பிள்ளைகளே, நெஞ்சு நடுங்க, அதனை உலகறியச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டோரின் பெயர்கள் காக்கப்பட்டன. அவர்களின் முகங்கள் எவருக்கும் காட்சிப்பொருளாக்கப்படவில்லை. அகுஸ்தினார் கோன்சென்சியுஸுக்கு எழுதியதன் செயல்வடிவத்தை நாம் இங்கே காண்கிறோம்.

லார்ஷ் இல்லங்கள் மூடப்படவில்லை. அங்கே இன்றும் வலியவர் நலியவருக்கு உணவூட்டுகின்றனர், நலியவர் வலியவருக்குப் பொறுமையைக் கற்பிக்கின்றனர். வானியேயின் நூல்களைப் பலர் தம் அலமாரியிலிருந்து அகற்றிவிட்டனர். வேறு சிலர் அகற்றவும் இயலாது படிக்கவும் இயலாது வைத்திருக்கின்றனர். இவ்விரு சாராரையும் நாம் புரிந்துகொள்கிறோம். அவர் சொற்களால் ஒளிபெற்ற ஒருவர், "அப்படியானால் அன்று நான் பெற்ற ஒளி என்ன?" என்று நம்மிடம் வந்து கேட்டால், தோமையாரின் பாகுபாட்டை எடுத்துரைப்பது மட்டும் போதாது. அவர் பெற்ற ஒளி அவருடையதே, அதை எவரும் பறிக்க இயலாது என்று சொல்லலாம். ஆனால் அதே வாயிலிருந்து பிறந்த சொற்களால் நொறுங்கிய பெண்ணும் அதே திருச்சபையின் மகள் என்பதால், அந்த ஒளியைப் பற்றி உரத்துப் பேசாமல், சற்றுத் தாழ்ந்த குரலில் பேச வேண்டியவராகிறோம்.

அருங்கொடைகளைப் பற்றி 'திருச்சபை' என்னும் கோட்பாட்டு விளக்கத்தில் சங்கத் தந்தையர் இரண்டு எச்சரிக்கைகளை ஒரே மூச்சில் தந்தனர்: அசாதாரணக் கொடைகளைத் துணிச்சலாகத் தேடி ஓடலாகாது; அவற்றைச் சீர்தூக்கும் பொறுப்புடையோர் ஆவியை அணைத்துவிடவும் கூடாது. 1967-இல் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவரின் தியானத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் நம் மறைமாவட்டங்களுக்கும் வந்து, எத்தனையோ குடும்பங்களில் நின்றுபோயிருந்த செபத்தை மீண்டும் தொடங்கி வைத்ததை நாம் கண்ணாரக் காண்கிறோம். 'மார்ஜோ' படத்தைப் பார்த்துவிட்டு, கைதூக்கிச் செபிக்கும் ஒவ்வொருவரையும் ஏளனத்தோடு நோக்கும் இளைஞன் ஆவியை அணைக்கிறான். கணக்குக் காட்டாத காணிக்கை, மருந்தை நிறுத்தச் சொல்லும் போதனை, கேள்வி கேட்டால் சாபம் என்ற மிரட்டல், இவற்றைக் கண்டும் கண்ணை மூடிக்கொண்டு அல்லேலூயா பாடும் பெரியவர், அணைக்க வேண்டிய வேறொரு நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறார்.

நீண்டகாலம் கிடைக்காமலிருந்த இப்படத்தின் மூலச்சுருளைச் சாரா கெர்னோக்கனே தேடிக் கண்டெடுத்து, அது புதுப்பிக்கப்பட்டு 2005-இல் நியூயார்க்கில் மீண்டும் திரையிடப்பட்டது. குறுவட்டாகவும் பின்னர் வெளிவந்தது. இன்று அதனை எவரும், டெக்சாஸிலும்கூட, வீட்டிலிருந்தே பார்க்கலாம். பங்கு இளைஞர் மன்றத்தில் காட்டலாமா என்று கேட்டவர்களிடம், காட்டலாம் என்றே சொன்னோம். விடுதி அறைக் காட்சி வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அங்கே சிரித்தவர்கள் யார், ஏன் சிரித்தோம் என்று முதலில் பேசுங்கள் என்றோம். அப்புறம், கூட்டக் காட்சிகளில் கைவிரித்து நிற்கும் ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்துகொண்டு, அந்தப் பெண் 1971-இல் முப்பது வயதினளாக இருந்திருந்தால் இன்று எண்பதைக் கடந்தவள், பேரப்பிள்ளை ஒருவன் இப்படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினால் அவனிடம் அவள் என்ன சொல்வாள் என்று ஒவ்வொருவரும் எழுதி வாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டோம்.